உலகமயமாக்கலைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகமயமாக்கல் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் இப்போதைக்கு முடியாது. இந்தப் பக்கம் அதற்குத் தீர்ப்பு சொல்ல வரவில்லை. நாடுகளுக்கு இடையே பொருளும் பணமும் ஆட்களும் அறிவும் போய்வரும் விதத்தை எப்படி மாற்றினால் பூமி தாங்கும், மனிதர்களும் நன்றாக இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கும் துறை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

‘மாதிரி’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

உலகின் ஒரு துண்டைச் சமன்பாடுகளாகவோ கணினி நிரலாகவோ எழுதிவைப்பதைத்தான். எந்த நாடு எதை எவ்வளவு தயாரிக்கிறது, யாருக்கு விற்கிறது, அதற்கு எவ்வளவு நிலமும் தண்ணீரும் எரிபொருளும் உழைப்பும் செலவாகிறது, கிடைத்த பணம் யார் கைக்குப் போகிறது என்ற தொடர்புகளை எழுதிவிட்டால், அப்புறம் ஏதாவது ஒரு எண்ணை மாற்றி மற்றவை எப்படி நகர்கின்றன என்று பார்க்கலாம். சுங்க வரியை எடுத்துவிட்டால்? கார்பனுக்கு விலை வைத்தால்? கப்பல் எரிபொருள் இரண்டு மடங்கு விலை ஆனால்? இதையெல்லாம் நிஜ உலகில் சோதித்துப் பார்த்தால் அடிபடுவது நிஜ மனிதர்கள். மாதிரியில் தப்பு நடந்தால் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

கையால் போடக்கூடிய எளிய மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-ல் போட்ட கணக்கு. இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய 100 பேரின் ஒரு வருட உழைப்பு வேண்டும். குறிப்பிட்ட அளவு ஒயின் எடுக்க 120 பேர். போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேர், அதே ஒயினுக்கு 80 பேர் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. அப்படியிருக்க அது ஏன் இங்கிலாந்திடம் வாங்க வேண்டும்?

கூட்டிப் பாருங்கள். இரண்டு நாடுகளும் தனக்குத் தேவையான ஒரு பங்கு துணியையும் ஒரு பங்கு ஒயினையும் தானே செய்தால் இங்கிலாந்துக்கு 220 பேர், போர்ச்சுகலுக்கு 170 பேர், மொத்தம் 390. இங்கிலாந்து துணியை மட்டும் இரண்டு பங்கு நெய்தால் 200 பேர். போர்ச்சுகல் ஒயினை மட்டும் இரண்டு பங்கு எடுத்தால் 160 பேர். மொத்தம் 360. பிறகு ஒரு பங்கு துணிக்கு ஒரு பங்கு ஒயின் என்று மாற்றிக்கொள்கிறார்கள். துணியும் குறையவில்லை, ஒயினும் குறையவில்லை, 30 பேரின் உழைப்பு மிச்சம். இதில் இங்கிலாந்துக்கு 20, போர்ச்சுகலுக்கு 10. சுதந்திர வணிகத்துக்கு ஆதரவான வாதங்களில் பெரும்பாலானவை இந்த நான்கு எண்களின் பேரப்பிள்ளைகள்தான்.

மிச்சமான அந்த 30 பேர் என்ன ஆனார்கள்?

கணக்கு அதைச் சொல்வதில்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒயின் வேலையில் 120 பேர் இருந்தார்கள். வணிகம் தொடங்கியதும் அவர்களில் 100 பேர் தறிக்கு மாற வேண்டும். 20 பேருக்கு வேலை இல்லை. இந்த 20 என்பது ஓய்வா, வேலையின்மையா? எண் ஒன்றுதான். வேலை நேரத்தை எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்து, கிடைத்த லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் சமூகத்தில் அது ஓய்வு. பகிராத சமூகத்தில் அது 20 குடும்பங்களின் அடுப்பு அணைவது. அந்த 100 பேரும்கூடத் திங்கட்கிழமை திராட்சைத் தோட்டத்தை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை தறியில் உட்கார்ந்துவிடுவார்கள் என்றுதான் கணக்கு எடுத்துக்கொள்கிறது.

இன்னும் சில விஷயங்கள் வெளியே நிற்கின்றன. ஒயினை ஏற்றிவரும் கப்பலுக்கு ஆகும் செலவு, அதன் புகை, ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடும் மண்ணின் கதி, போர்ச்சுகலில் கொடிக்கு நோய் வந்தால் இரண்டு நாட்டுக்கும் ஒயின் இல்லாமல் போவது. முக்கியமான இன்னொன்று, மூலதனம். முதலாளிகளின் பணம் எல்லை தாண்டாது என்று ரிக்கார்டோ வைத்துக்கொண்டார். அது தாராளமாகப் போக முடிந்தால் துணி, ஒயின் இரண்டையும் போர்ச்சுகலிலேயே செய்வதுதான் லாபம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்று பணம்தான் எல்லாவற்றையும்விட வேகமாக எல்லை தாண்டுகிறது.

ஆகவே ஒரு மாதிரியைப் பார்க்கும்போது அது என்ன பதில் சொல்கிறது என்பதோடு, எதையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டு அந்தப் பதிலைச் சொல்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிபுணர்கள் பயன்படுத்தும் பெரிய மாதிரிகள் எவை?

பெயர்கள் நிறைய. அடிப்படைக் குடும்பங்கள் சில மட்டுமே.

முதலாவது, வாசிலி லியோன்டீஃப் உருவாக்கிய உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை. ஒரு தொழிலின் விளைபொருள் எந்தெந்தத் தொழிலுக்கு மூலப்பொருளாகப் போகிறது என்று வரிசை வரிசையாக எழுதும் பெரிய அட்டவணை அது. இதற்காக அவருக்கு 1973-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒரு சட்டைக்குள் எத்தனை நாட்டுத் தண்ணீரும் கார்பனும் ஒளிந்திருக்கின்றன என்று இன்று சொல்ல முடிவதற்கு இந்த அட்டவணையின் பல நாட்டு வடிவமே காரணம்.

இரண்டாவது, பொதுச் சமநிலை மாதிரிகள். எல்லாச் சந்தைகளிலும் வாங்குவதும் விற்பதும் ஒரே நேரத்தில் சமப்படும் விலைகளைத் தேடுபவை. வணிக ஒப்பந்தம் போடும் அரசுகள் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கின்றன. பர்டூ பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த ஜிடாப் (GTAP) என்ற உலக வணிகத் தரவுத் திட்டத்தின் தரவுதான் இவற்றில் பலவற்றுக்கும் தீனி.

மூன்றாவது, இயங்கமைப்பு மாதிரிகள். எது எவ்வளவு சேர்ந்திருக்கிறது (இருப்பு), எவ்வளவு வந்து போகிறது (ஓட்டம்) என்று உலகத்தைப் பார்ப்பவை. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொடங்கிய வழி; அதில் வந்த வேர்ல்ட்3 என்ற மாதிரி 1972-ல் உலகப் புகழ் பெற்றது. மக்கள்தொகை, தொழில், உணவு, வளம், மாசு ஆகியவை ஒன்றையொன்று எப்படித் தள்ளுகின்றன என்று காட்டியது.

நான்காவது, முகவர் மாதிரிகள். சராசரி மனிதர் என்று ஒருவரை வைக்காமல், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மனிதர்களையும் நிறுவனங்களையும் கணினிக்குள் விட்டு, தங்களுக்குள் வாங்கி விற்கச் செய்வது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேர்ல்ட்3-க்குள் மண் தேய்கிறது, வளம் தீர்கிறது, மாசு சேர்கிறது. ஆனால் நாடுகளே கிடையாது. உலகம் முழுவதும் ஒரே கட்டி. அதனால் வணிகத்தைப் பற்றி அதனிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. வணிக மாதிரிகளிலோ நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் இருக்கும். ஆனால் வழக்கமான வடிவத்தில் மண் தேயாது, மீன் தீராது. நமக்கு வேண்டிய கேள்வி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இரண்டையும் இணைக்கும் வேலை நடக்கிறது, மெதுவாக.

இந்த மாதிரிகள் சொன்னது பலித்திருக்கிறதா?

கலவையான கதை. வட அமெரிக்க நாடுகளின் நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் பல குழுக்கள் மாதிரி போட்டு, எந்தத் துறையில் வணிகம் எவ்வளவு வளரும் என்று சொல்லியிருந்தன. பத்து வருடம் கழித்து திமோத்தி கீஹோ என்ற பொருளாதார அறிஞர் அந்தக் கணிப்புகளை நடந்ததோடு ஒப்பிட்டார். வணிகம் வளர்ந்த அளவை மாதிரிகள் மிகவும் குறைத்துச் சொல்லியிருந்தன. முன்பு மிகக் குறைவாகவே கைமாறிய பொருள்களில்தான் பெரும் பாய்ச்சல் இருந்தது என்பது அந்த ஆய்வுகளில் தெரிந்தது.

காரணம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. இந்த வகை மாதிரிகள் பலவும் இப்போது இருக்கும் வணிகத்தை எடுத்து, விலை மாற்றத்துக்கு ஏற்ப அதைப் பெருக்கும். தொடக்கத்தில் பூஜ்யமாக இருப்பதை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? இல்லாத வணிகம் புதிதாகப் பிறக்க அங்கே வழியே இல்லை.

அடுத்தது இன்னும் கசப்பானது. சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. வேலை இழப்பவர்கள் வேறு தொழிலுக்கோ வேறு ஊருக்கோ சீக்கிரம் நகர்ந்துவிடுவார்கள் என்பது அப்போது பாடநூல் வழியில் வந்த எதிர்பார்ப்பு. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் மூவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் ஒவ்வொரு வேலைவாய்ப்பு வட்டாரத்தையும் தனித்தனியாகப் பார்த்தது. சீன இறக்குமதியோடு நேரடியாகப் போட்டியிட்ட வட்டாரங்களில் வேலையும் கூலியும் விழுந்தன. மக்கள் பெரிதாக இடம் மாறவில்லை. உதவித்தொகையை நம்புவோர் எண்ணிக்கை கூடியது. பின்வந்த ஆய்வுகள் அந்தக் காயம் பத்தாண்டுக்கு மேலும் ஆறவில்லை என்று காட்டின. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

சரி, நல்வாழ்வை எண்ணாக்க முடியுமா?

முழுதாக முடியாது. ஆனால் ஜிடிபி மட்டுமே போதும் என்று விட்டுவிடுவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் முயற்சியில் 1990-ல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்தது. இன்னொரு வழி, மனிதர்களையே கேட்பது: பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது? ஒரு நாட்டுக்குள் பணக்காரர்கள் பொதுவாக மேல் படியைச் சொன்னாலும், நாட்டின் வருமானம் வருடக்கணக்கில் ஏறியும் சராசரி மகிழ்ச்சி அதே அளவுக்கு ஏறுவதில்லை என்று ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974-ல் சொன்னார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

மாதிரி போடுபவர்களுக்கு உண்மையில் உதவும் விஷயம் வேறு ஒன்று. ஏணியில் ஒரு படி ஏற ஏழைக்குக் கொஞ்சம் பணம் போதும், பணக்காரருக்கு நிறைய வேண்டும். வருமானம் எத்தனை ரூபாய் கூடியது என்பதைவிட எத்தனை சதவீதம் கூடியது என்பதே கணக்கு. கணிதத்தில் இதற்கு மடக்கையைப் (லாகரிதம்) பயன்படுத்துவார்கள்.

இரண்டே பேர் கொண்ட உலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் வருமானம் 1,00,000, மற்றவருடையது 1,000. புதிய வணிக ஒப்பந்தத்தால் முதலாமவருக்கு 10,000 கூடுகிறது, இரண்டாமவருக்கு 100 குறைகிறது. மொத்த வருமானம் 9,900 கூடிவிட்டது. அருமையான ஒப்பந்தம் என்று அறிக்கை வரும். மடக்கைக் கணக்கில் போட்டால் முதலாமவரின் ஏற்றம் 0.095. இரண்டாமவரின் இறக்கம் 0.105. கூட்டினால் நலம் குறைந்திருக்கிறது. கூடிய 10,000-த்திலிருந்து வெறும் 200-ஐ ஏழைக்கு மாற்றியிருந்தால் அவரும் 1,100 ஆகி, இருவருக்குமே ஏற்றம். இழப்பீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தங்கள் தள்ளிப்போடும்போது இந்த 200 தான் காணாமல் போகிறது.

ஆனால் உலகமயமாக்கல் கோடிக்கணக்கானோரை வறுமையிலிருந்து மீட்கவில்லையா?

மீட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாளுக்கு 2.15 டாலர் என்ற கோட்டை வைத்துப் பார்த்தால் 1990-ல் ஏறத்தாழ 200 கோடிப் பேர் அதற்குக் கீழே இருந்தார்கள். 2019-ல் சுமார் 70 கோடி. அதே காலத்தில் மக்கள்தொகையும் கூடியிருக்கிறது.

இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சரிவில் பெரும்பகுதி நடந்த சீனா கதவை ஒரேயடியாகத் திறந்துவிட்ட நாடு அல்ல. சரக்கு ஏற்றுமதிக்கு வழிவிட்டது. அந்நிய மூலதனத்தைக் கட்டுப்பாட்டில் வைத்தது. நாணய மாற்றைத் தன் பிடியில் வைத்தது. அரசுத் தொழில்களைத் தொடர்ந்தது. எந்தக் கதவை, எந்த வரிசையில், எவ்வளவு திறப்பது என்பது ஒவ்வொன்றும் தனி முடிவு. அதனால் ஒரே திருகியைக் கூட்டிக் குறைப்பதுபோல உலகமயமாக்கலை வைக்கும் மாதிரிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மற்றொன்று, பங்கு. கிறிஸ்டோஃப் லாக்னரும் பிராங்கோ மிலானோவிச்சும் 1988 முதல் 2008 வரை உலக வருமானம் யாருக்கு எவ்வளவு கூடியது என்று வரைந்த கோடு யானையின் உருவத்தில் வந்தது. முதுகு உயர்ந்த இடத்தில் ஆசியாவின் நடுத்தர வர்க்கம். துதிக்கை மேலே தூக்கிய இடத்தில் உலகின் உச்சப் பணக்காரர்கள். நடுவே தாழ்ந்த இடத்தில் பணக்கார நாடுகளின் கீழ்நடுத்தரக் குடும்பங்கள். இருபது வருடத்தில் அவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் கூடவில்லை. பின்னால் வந்த அரசியல் கோபங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒன்று.

ஒரு பொருளின் கார்பனை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது?

அதிகாரப்பூர்வக் கணக்கில், புகை எங்கே வருகிறதோ அந்த நாட்டில். உலகின் கார்பன் டையாக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, எல்லை தாண்டி விற்கப்படும் பொருள்களைச் செய்வதில் வருகிறது. அதனால் ஒரு நாடு தன் எஃகு ஆலையை மூடிவிட்டு அதே எஃகை வெளியிலிருந்து வாங்கினால், காகிதத்தில் அது சுத்தமாகிவிடும். பிரிட்டன் தன் மண்ணிலிருந்து வரும் உமிழ்வை 1990-லிருந்து வெகுவாகக் குறைத்திருக்கிறது. நுகர்வை வைத்துப் போட்ட கணக்கில் அந்த அளவுக்குக் குறையவில்லை. லியோன்டீஃபின் அட்டவணையை நாடுகளுக்கு இடையே விரித்தால் இந்த இரண்டாவது கணக்கு கிடைக்கும்.

அப்படியென்றால் பக்கத்தில் விளைந்ததையே வாங்குவதுதான் நல்லது, இல்லையா?

பல நேரங்களில் இல்லை. உலக வணிகச் சரக்கில் எடை அளவில் ஏறத்தாழ 80 சதவீதம் கடல்வழி போகிறது. அத்தனை கப்பல்களும் சேர்ந்து உலகப் பசுங்குடில் வாயுவில் சுமார் 3 சதவீதம். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக விமானம் வெளியிடும் கார்பன், கப்பலைவிடப் பல பத்து மடங்கு அதிகம். ஆக, தூரத்தைவிட வாகனம் முக்கியம். வாகனத்தைவிடப் பொருளை எப்படி விளைவித்தார்கள் என்பது பல நேரங்களில் இன்னும் முக்கியம். உணவின் மொத்த உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு சிறியது.

கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஓர் ஒப்பீடு இதில் பிரபலம். பிரிட்டனில் விற்கும் ரோஜா கென்யாவில் வெயிலில் பூத்து விமானத்தில் வருகிறது. அல்லது நெதர்லாந்தில் எரிவாயுவால் சூடாக்கிய கண்ணாடிக் கூடத்தில் பூத்து லாரியில் வருகிறது. விமானத்தையும் சேர்த்தே, கென்ய ரோஜாவின் கார்பன் பல மடங்கு குறைவாக வந்தது.

இங்கேயே நிறுத்தினால் அதுவும் அரைக்கணக்கு. கென்யாவின் மலர்ப் பண்ணைகள் நைவாஷா ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஏரியின் தண்ணீர் மீது அவை போடும் அழுத்தத்தைக் கார்பன் கணக்கு காட்டாது. தண்ணீர்க் கணக்கைத் தனியே போட வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பல்லாயிரம் பேரின் கூலிக் கணக்கு வேறு இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் சாயும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லையில் கார்பன் வரி போடுவது உதவுமா?

ஐரோப்பிய ஒன்றியம் இதைத் தொடங்கிவிட்டது. சிமெண்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றை உள்ளே கொண்டுவருபவர்கள் 2023 அக்டோபர் முதல் அவற்றின் உமிழ்வைச் சொல்ல வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் அதற்கு விலையும் உண்டு. உள்ளூர் ஆலைக்கு மட்டும் கார்பன் விலை வைத்தால் உற்பத்தி, அந்த விலை இல்லாத நாட்டுக்கு ஓடிவிடும் என்பதுதான் காரணம். அந்தத் தர்க்கத்தில் தப்பில்லை.

சிக்கல் பங்கீட்டில் வருகிறது. மொசாம்பிக்கின் அலுமினியம் அண்மைக்காலம் வரை பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் போனது. வளிமண்டலத்தில் இன்று சேர்ந்திருக்கும் கார்பனில் அந்த நாட்டின் பங்கு சொற்பம். வசூலாகும் பணமோ ஐரோப்பாவிலேயே தங்குகிறது. அந்த வருவாயில் ஒரு பகுதியை ஏழை ஏற்றுமதி நாடுகளின் ஆலைகளைச் சுத்தமாக்கத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மாதிரியில் ஓட்டிப் பார்ப்பது எளிது. என் பார்வையில் அப்படித் திருப்பிக் கொடுக்காத எல்லை வரி பாதி வேலைதான்.

வணிகத்துக்கு நிபந்தனை போட்டு நல்லது நடந்ததற்குச் சான்று உண்டா?

மிகச் சிறந்த சான்று ஓசோன். 1987-ல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம், அதில் சேராத நாடுகளோடு ஓசோனைக் கெடுக்கும் பொருள்களை வணிகம் செய்வதற்குத் தடை போட்டது. வெளியே நிற்பதில் லாபம் இல்லாமல் போயிற்று. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும், மாறுவதற்கு ஒரு பொது நிதியும் கொடுத்தது. 2009-க்குள் உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்துவிட்டன. அந்தப் பொருள்களில் ஏறத்தாழ 99 சதவீதம் கைவிடப்பட்டன. தடை, அவகாசம், பணம் என்ற மூன்றும் சேர்ந்த இந்தக் கட்டமைப்பை எந்த மாதிரியிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படையாக வைக்கலாம் என்று தோன்றுகிறது.

அமேசான் சோயா இன்னொரு கதை. காட்டை வெட்டி விளைவித்த சோயாவை வாங்க மாட்டோம் என்று பெரும் வணிக நிறுவனங்கள் 2006-ல் ஒப்புக்கொண்டன. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் அமேசானில் சோயா பரவிய நிலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் புதிதாக வெட்டிய காடு. 2014 வாக்கில் அது 1 சதவீதம் அளவுக்கு வந்தது. ஆனால் பக்கத்தில் உள்ள செராடோ புல்வெளிக்காடு ஒப்புதலில் இல்லை. அங்கே நிலம் திருத்துவது தொடர்ந்தது. ஒரு வேலியை அடைத்தால் அடுத்த வேலியில் கசியும் இந்தக் கசிவைக் கணக்கில் எடுக்காத மாதிரி எப்போதும் வெற்றியையே காட்டும். அண்மை ஆண்டுகளில் இந்த ஒப்புதலுக்கே உள்நாட்டில் கடும் எதிர்ப்பு கிளம்பியிருக்கிறது.

தொழிலாளர் பக்கத்தில் வங்கதேசத்தின் ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 24 அன்று எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக்கிளை ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அதன் பிறகு வந்த கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சட்டப்படி கட்டுப்படும் வகையில் கையெழுத்திட்டன. 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. அதற்கு முன்பும் நன்னடத்தை விதிகள் நிறைய இருந்தன, தணிக்கைகளும் இருந்தன. மீறினால் வழக்கு வரும் என்ற நிலை புதிது.

ஒரு கப்பல் சிக்கினால் உலகமே நிற்பது எதனால்?

2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியை அடைத்தது. உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் அப்போது அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. அதே வருடம் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாட்டால் கார் ஆலைகள் நின்றன. செலவைக் குறைப்பது மட்டுமே இலக்கு என்று மாதிரிக்குச் சொன்னால் அது எல்லாவற்றையும் ஒரே ஆலையில், ஒரே வழியில், கையிருப்பே இல்லாமல் அடுக்கும். கிடங்கில் சும்மா கிடக்கும் சரக்கு அதன் கண்ணுக்கு வீண்செலவு. வலைப்பின்னல் மாதிரிகளில் ஒரு முனையைப் பிடுங்கிவிட்டு எத்தனை முனைகள் விழுகின்றன என்று எண்ணலாம்; அப்போதுதான் அந்தக் கிடங்கின் மதிப்பு தெரியும். அதற்காக எல்லாவற்றையும் சொந்த நாட்டிலேயே செய்வது தீர்வாகாது. உள்நாட்டில் வெள்ளம் வந்தால் அதுவும் ஒற்றை முனைதான்.

பணமும் வரியும் இந்த மாதிரிகளில் வருகின்றனவா?

போதிய அளவுக்கு வருவதில்லை. 2015-ஐ வைத்துப் போட்ட ஒரு மதிப்பீட்டின்படி, பன்னாட்டு நிறுவனங்கள் சொந்த நாட்டுக்கு வெளியே ஈட்டும் லாபத்தில் ஏறத்தாழ 36 சதவீதம் வரிப் புகலிடங்களின் (வரி மிகக் குறைந்த நாடுகளின்) கணக்கில் காட்டப்படுகிறது. ஏழையிடம் திருப்பித் தர வேண்டிய அந்த 200-ஐ மேலே பார்த்தோமே, அதைத் தருவதற்கான வரிப்பணம் இங்கேதான் கசிகிறது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் லாபத்துக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரி என்று 130-க்கும் மேற்பட்ட நாடுகள் 2021-ல் ஒப்புக்கொண்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்துவிட்டது.

நானே ஒரு மாதிரி கட்டிப் பார்க்கலாமா?

தாராளமாக. ரிக்கார்டோவின் நான்கு எண்களை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். அடுத்த வரியில் கப்பல் செலவு. அதற்கடுத்து, வேலை மாற எத்தனை வருடம் ஆகும் என்ற எண். ஒன்றை வைத்தும் பத்தை வைத்தும் பாருங்கள். வணிகத்தின் லாபம் முதல் சில வருடங்களில் எங்கே போகிறது என்று உடனே தெரியும். இருப்பும் ஓட்டமும் வரைய வென்சிம், சின்ன மனிதர்களை உலவவிட நெட்லோகோ. நெட்லோகோ இலவசம், வென்சிமுக்குக் கற்பவர்களுக்கான இலவசப் பதிப்பு உண்டு. முதல் நாளிலேயே 150 நாடுகளைப் போடாதீர்கள். எது எதனால் நகர்ந்தது என்று உங்களுக்கே புரியாது.

செய்தியில் வரும் மாதிரி முடிவை எப்படிப் படிப்பது?

அமெரிக்கா உள்ளிட்ட பசிபிக் கரை நாடுகள் போட்ட வணிக ஒப்பந்தமான பசிபிக் கூட்டு ஒப்பந்தத்தை உதாரணமாக எடுக்கலாம். 2016-ல் அதைப் பற்றி இரண்டு மதிப்பீடுகள் வந்தன. பீட்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் பொதுச் சமநிலை மாதிரி, 2030-க்குள் அமெரிக்காவின் ஆண்டு வருமானம் சுமார் அரை சதவீதம் கூடும் என்றது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐ.நா.வின் வேறொரு மாதிரியை ஓட்டி, உறுப்பு நாடுகளில் மொத்தம் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போகும், அமெரிக்க வருமானமும் சற்றே குறையும் என்றார்கள். ஒப்பந்தம் ஒன்றேதான். முதல் மாதிரியில் நாட்டின் மொத்த வேலைவாய்ப்பு குறையாது என்பது தொடக்க நிபந்தனை, இரண்டாவதில் குறையலாம். வேலை போகுமா என்ற கேள்விக்கு முதல் மாதிரியின் பதில், ஓட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அமெரிக்கா 2017 ஜனவரியில் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியதால் இரண்டில் எது சரி என்று பார்க்க வாய்ப்பும் இல்லாமல் போயிற்று.

எனவே அறிக்கையின் பின்னிணைப்பை முதலில் திறங்கள். வேலைவாய்ப்பைப் பற்றி என்ன எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், குடும்பங்கள் ஒரே சராசரியா அல்லது பிரித்திருக்கிறார்களா, தண்ணீரும் மண்ணும் தீரக்கூடியவையா, அரசின் வரி வருவாய் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த நான்கில் ஒன்றைப் பற்றியும் பேச்சே இல்லை என்றால், முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் அந்த சதவீதத்தை யாரிடமும் மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.